அடுப்புக்குப் போகும் சிரட்டையில் ஒரு வாத்தியம்

தேங்காயைத் துருவியபின் சிரட்டை அடுப்புக்குப் போகிறது. கவ்வாத்து வெட்டியபின் மிலாறும் அடுப்புக்கே போகிறது. ஆற்றோரத்து மூங்கில் மரக்கறிப் பந்தலுக்குக் காலாகிறது. ஆட்டை உரித்தபின் தோலை வீசிவிடுகிறோம். இந்த நான்கையும் ஒன்று சேர்த்து, குதிரை வால் மயிரில் ஒரு நரம்பும் கட்டினால், மனிதக் குரலைப்போல இழுத்துப் பாடும் ஒரு வாத்தியம் கிடைக்கும். அதன் பெயர் இராவணகத்தா. இராவணனின் கை என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது என்பர்.

வில் என்றதும் நமக்கு வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும். அங்கே பெரிய வில்லின் நாணைக் கோலால் அடிப்பார்கள். இது அப்படியல்ல. இங்கே வில் சிறியது. வயலினில் செய்வதுபோல வில்லின் மயிரை நரம்பின்மீது வைத்து உரச வேண்டும்.

மாலை நேரங்களில் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு சில மாதங்களில் இதைச் செய்துவிடலாம். அதில் பெரும்பகுதி பொருள்கள் காய்வதற்குக் காத்திருக்கும் காலம். செய்யும் முறையைப் பின்னால் விரிவாகத் தருகிறோம். அதற்கு முன், இந்த வாத்தியம் யாருடையது என்ற கேள்வியைப் பார்ப்போம். நிலத்தை இழந்து இன்னோர் இடத்தில் வாழும் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி சிறியதல்ல.

கதையும் வரலாறும்

கயிலை மலையைத் தூக்க முயன்ற இராவணன் மலைக்கடியில் அகப்பட்டான். தன் தலையையும் கையையும் நரம்பையும் கொண்டே ஒரு வாத்தியம் செய்து, பாடிச் சிவபெருமானின் கோபத்தைத் தணித்தான் என்பது பழங்கதை. நுவரெலியாவில் வாழும் எமக்கு இராவணன் அயலவன்போல. சீதாஎலியவில் சீதை அம்மன் கோயில் இருக்கிறது. எல்லவுக்கு அருகே இராவணன் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. இராமாயணத்தைக் காரணம் காட்டி உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் தினமும் வந்து போகின்றன.

கதையைக் கதையாக மதிக்க வேண்டும். வரலாற்றை வரலாறாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பயணியான சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் இந்தியாவில் கண்ட இத்தகைய வாத்தியம் ஒன்றைப் பற்றி எழுதினார். 1856இல் ஃபெத்தீஸ் என்ற இசை வரலாற்றாசிரியர் ஒரு படி மேலே போனார். மிகப் பழங்காலத்தில் இலங்கை அரசனான இராவணன் செய்தது இது என்றும், வயலின் குடும்பத்துக்கே மூலம் என்றும் எழுதினார். அந்தக் கூற்று உலகமெங்கும் பரவியது. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். வில்லால் உரசி இசைக்கும் வழக்கத்துக்கு உறுதியான பழைய சான்றுகள் பத்தாம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியப் பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. குதிரையோடு வாழ்ந்த மக்கள் அங்கே இருந்தார்கள். வில்லுக்குக் குதிரை மயிர் வேண்டியிருப்பதை நினைத்தால் இது விளங்கும்.

இலங்கையில் இந்த வாத்தியம் தொடர்ச்சியாக வாழவில்லை. அண்மைக் காலத்தில்தான் இசையமைப்பாளர் தினேஷ் சுபசிங்க போன்றோர் அதை மீண்டும் இங்கே அறிமுகம் செய்தார்கள். அவருடைய 'ராவண் நாத' இசைத்தட்டு 2007இல் வெளிவந்தது.

இராவணன் தமிழனா, சிங்களவனா என்று சண்டையிடுவோர் உண்டு. அந்தச் சண்டையில் வென்றாலும் தோற்றாலும் எம் கைக்கு ஒரு வாத்தியம் வரப்போவதில்லை. அரசனின் பெயரால் ஒரு வாத்தியம் யாருக்கும் சொந்தமாவதில்லை. அதைச் செய்து வாசித்து அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்தவர்களுக்கே அது சொந்தமாகிறது. அவர்கள் யார் என்று பார்ப்போம்.

வாத்தியத்தைக் காத்தவர்கள்

இந்தியாவில் ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் போபா எனப்படும் கதைபாடிகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நாயக் என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். பாபூஜி என்ற வீரனின் கதையை இரவு முழுவதும் பாடுவது அவர்கள் தொழில். கதை முழுவதையும் வரைந்த நீண்ட துணித்திரையை ஊர் நடுவே கட்டுவார்கள். கணவன் இராவணகத்தாவை இசைத்து ஆடிப் பாடுவான். மனைவி விளக்கை ஏந்தித் திரையில் அந்தந்தக் காட்சியைக் காட்டிச் சேர்ந்து பாடுவாள். ஒட்டகமும் மாடும் மேய்க்கும் மக்கள் தங்கள் மந்தைகளின் நலத்துக்காக இதை நேர்ந்து பாடச் செய்வார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள் ஆதலால் திரையைச் சுருட்டலாம், வாத்தியத்தைத் தோளில் மாட்டலாம். வாத்தியத்தைப் பெரும்பாலும் வாசிப்பவரே செய்துகொள்வார்.

மேய்ச்சல் நிலம் குறைந்து ஒட்டகங்களும் குறைந்துபோக, இரவெல்லாம் கதை கேட்போரும் குறைந்துவிட்டார்கள். இன்று பல போபாக்கள் கோட்டை வாசல்களில் உல்லாசப் பயணிகளுக்குச் சில நிமிடம் வாசித்துக் காசு பெறுகிறார்கள்.

கேரளத்தில் புள்ளுவர் என்ற மக்கள் ஒற்றை நரம்பு வீணையை வில்லால் உரசி, வீடு வீடாகச் சென்று நாகங்களைப் பாடுவார்கள். அவர்களும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களே.

கிழக்கிந்தியாவின் சந்தால் மக்களின் வாத்தியம் பானம். ஒரே மரத்தைக் குடைந்து, வயிற்றுப் பகுதியில் தோல் போர்த்துச் செய்வது ஒரு வகை. தேங்காய்ச் சிரட்டையில் செய்வது இன்னொரு வகை. ஏழு சகோதரர்கள் தங்கள் ஒரே தங்கையைக் கொன்றார்கள், அவளைப் புதைத்த இடத்தில் முளைத்ததைக் கொண்டு முதல் வாத்தியம் செய்யப்பட்டது, அவள் குரலே அதில் அழுதது என்பது அவர்கள் சொல்லும் கதை. நிலப்பிரபுக்களும் வட்டிக்காரரும் நிலத்தைப் பறித்தபோது சந்தால்கள் 1855இல் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அக்காலத்திலும் அதற்குப் பின்னும் அவர்களில் பலர் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். எம் பாட்டன் பூட்டன் கதையும் இதுதான் அல்லவா?

இந்த மூன்று மக்களிடமும் ஒரு பொதுவான செய்தி இருக்கிறது. மரமும் தோலும் மயிரும் தொட்டு வேலை செய்தவர்களைச் சமூகம் தாழ்த்தி வைத்தது. ஆனால் இந்த வாத்தியங்களை அவர்கள்தாம் கைவிடாமல் காத்தார்கள்.

எம்மிடம் என்ன இருக்கிறது?

மலையகத்தில் வில்லால் இசைக்கும் மரபு வாத்தியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. இல்லாத பெருமையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் அதைச் செய்யத் தேவையான அறிவு எம்மிடம் உண்டு. அது தப்பு செய்யும் அறிவு.

தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த எம் முன்னோர் தப்பையும் கொண்டு வந்தார்கள். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அதுவே முழங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் அந்தப் பாடல்களுக்கு நூல் உண்டு. தப்புக் கட்டும் அறிவோ பெரும்பாலும் கையிலிருந்து கைக்கு வந்தது. தோலை எத்தனை நாள் ஊறவைப்பது, எப்போது இழுத்துக் கட்டுவது, எந்த அளவு சூடு காட்டுவது என்பதெல்லாம் ஒரு சில முதியவர்களுக்கே தெரியும்.

அவர்களிடம் போய் இளைஞர் ஏன் கற்பதில்லை? தோல் வேலை தாழ்ந்த வேலை என்ற எண்ணமே முதற் காரணம். நிலத்தை விட்டு வந்தபோதும் அந்த எண்ணத்தை நாம் விட்டு வரவில்லை. ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கும் குடியிருப்புகளில்கூட அது கூடவே குடியேறிவிடுகிறது. இந்த வாத்தியத்தைச் செய்யத் தொடங்கினால், தப்புக் கட்டத் தெரிந்தவரை அழைத்து முன்னால் உட்காரவைத்து, "ஐயா, சொல்லித் தாருங்கள்" என்று கேட்டே ஆக வேண்டும். அதுவே இந்த வேலையின் முதற் பயன்.

செய்யும் முறை

1. குடம். நுவரெலியாக் குளிரில் தென்னை வளராது. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வருகிறது. முற்றிய பெரிய காயாகப் பார்த்து எடுங்கள். வழக்கம்போல உடைத்தால் விளிம்பு கோணும். இரும்பறுக்கும் வாளால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வட்டமாக அறுங்கள். வாய் நான்கு அங்குல அகலம் இருந்தால் நல்லது. உள்ளே வழித்து, வெளியே அரத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். அடிப்பக்கத்தில் ஒலி வெளியேற ஐந்தாறு சிறு துளைகள் இடுங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் கீழே, நேர் எதிரெதிராக, தண்டு நுழைய இரண்டு துளைகள் வேண்டும்.

2. தண்டு. பெருவிரலைவிடச் சற்றுப் பருத்த மூங்கில், இரண்டரை அடி நீளம் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கில் காய்ந்ததும் சுருங்கும். இளம் மூங்கிலின் மேல் வெண்பொடி படிந்திருக்கும். முற்றியதில் அது போயிருக்கும். வெட்டியதை ஓடும் நீரில் மூன்று நான்கு வாரம் போட்டு வையுங்கள். மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்துக்காகவே வண்டு துளைக்கிறது. நீரில் ஊறினால் அது கரைந்து போகும். பின் நிழலில் உலர்த்தி, அடுப்புக்கு மேலே பரணில் சில வாரம் புகை பட வையுங்கள். காய்ந்த தண்டைச் சிரட்டையில் கோத்து, அடிநுனி ஓர் அங்குலம் வெளியே நீட்டி நிற்கும்படி விடுங்கள். நரம்பை அதில்தான் கட்டப்போகிறோம்.

3. தோல். எட்டு அங்குலச் சதுர ஆட்டுத்தோல் போதும். ஒரு முழுத் தோலில் பல வாத்தியங்கள் செய்யலாம். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் தளரும். பின் மழுங்கிய கத்தியால் மயிரையும் உட்பக்கக் கொழுப்பையும் வழித்து, பலமுறை கழுவ வேண்டும். சுண்ணாம்பு கையையும் கண்ணையும் எரிக்கும். சிறுவரை இந்த வேலையில் விடாதீர்கள். ஈரத்தோலைச் சிரட்டை வாயில் போர்த்து, சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுங்கள். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை கிடைக்கும். தப்புக்கு ஒட்டும் பசையே இது. நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் ஒரு பக்கம் இழுபட்டுக் கிழியும். உடும்புத் தோல் நல்லது என்று சிலர் சொல்வர். உடும்பைக் கொல்வது சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோலே போதும்.

4. பிருடை. நரம்பை முறுக்கும் ஆணிக்குப் பிருடை என்று பெயர். பழைய தேயிலைச் செடியின் கட்டை மிகவும் கடினமானது, பிருடைக்கு ஏற்றது. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கச் சீவுங்கள். தண்டின் மேற்பகுதியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிடுங்கள். துளைக்கு மேலும் கீழும் நூல் சுற்றிவிட்டுத் துளையிட்டால் மூங்கில் பிளக்காது. பிருடை வழுக்கினால் சோக்குத்தூள் தடவுங்கள்.

5. நரம்பு. ராஜஸ்தானில் முதல் நரம்பு குதிரை மயிர்க் கற்றை. இரண்டாவது உருக்குக் கம்பி. இவற்றின் அதிர்வில் தாமாகவே ஒலிக்கும் கம்பிகள் வேறு பல இருக்கும். தொடங்குவோருக்கு முதல் இரண்டு நரம்புகள் போதும். குதிரை மயிருக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. பயணிகளை ஏற்றித் திரியும் மட்டக் குதிரைகளும் இருக்கின்றன. வாலைச் சீவும்போது கழன்று வரும் மயிரை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். கேளாமல் கத்தரிக்கக் கூடாது. சவர்க்காரமிட்டுக் கழுவி, முப்பது நாற்பது மயிரைச் சேர்த்து நரம்பாகக் கட்டுங்கள். உருக்குக் கம்பிக்குக் கிற்றார் கம்பி ஒன்று போதும். குதிரை மயிர் குறைவாகக் கிடைத்தால் அதை வில்லுக்கு வைத்துக்கொண்டு, நரம்புக்குத் தங்கூசி நூலைப் பாவிக்கலாம்.

6. குதிரை. நரம்பைத் தோலின்மீது தாங்கி நிற்கும் சிறு கட்டைக்கும் குதிரை என்றே பெயர். முக்கால் அங்குல உயரத்தில் கடின மரத்தில் செய்து, தோலின் நடுவே நிறுத்துங்கள். ஒட்டக் கூடாது. நரம்பின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும்.

7. வில். வளைத்தால் திரும்பி நிமிரும் கொய்யாக் கம்பு நல்லது. இரண்டடி நீளம் போதும். நூறு மயிருக்குக் குறையாமல் இரு முனையிலும் கட்டுங்கள். போபாக்கள் வில்லில் சலங்கையும் கட்டுவார்கள். வில்லை இழுத்து வெட்டும்போது சலங்கை தாளம் போடும். ஒரே ஆள் பாட்டும் தாளமும் சேர்ந்து தர அது வழி.

8. பிசின். இதுவரை செய்ததை எடுத்து வில்லை இழுத்தால் சத்தமே வராது. பலர் மனம் தளர்ந்து விட்டுவிடும் இடம் இது. மயிர் மட்டும் நரம்பைப் பற்றாது. பிசின் பூசினால்தான் மயிர் நரம்பைப் பற்றி இழுக்கும். ஓரளவு இழுத்ததும் நரம்பு நழுவித் திரும்பும். மயிர் மறுபடி பற்றும். இது ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. அதுவே நாம் கேட்கும் நாதம். எம் மலைகளில் வளர்க்கப்பட்ட பைனஸ் மரங்களின் காயங்களில் வடிந்து, கண்ணாடிபோல உடையும் அளவுக்கு இறுகிய பிசினை எடுத்து மயிரில் தேயுங்கள். ஒட்டும் பதத்தில் இருக்கும் பிசின் உதவாது. அதை வீட்டுக்குள் காய்ச்சவும் வேண்டாம், சட்டெனத் தீப்பிடிக்கும். கடையில் விற்கும் வயலின் பிசினும் நல்லதே.

வாசிக்கும்போது குடத்தை நெஞ்சோடு அணைத்து, தண்டை முன்னே நீட்டிப் பிடியுங்கள். விரலால் நரம்பைத் தண்டுவரை அழுத்த வேண்டியதில்லை, தொட்டால் போதும். குதிரைக்கும் மேல் முனைக்கும் சரி நடுவில் தொட்டால் மேல் 'ஸ' கிடைக்கும். மற்றச் சுரங்களைப் பாடிப் பாடிக் காதால் தேட வேண்டும். பனிமூட்டமான நாளில் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும். தப்பைப்போல இதற்கும் தணலில் இளஞ்சூடு காட்டலாம். நரம்பைத் தளர்த்திவிட்டு, மயிர் கருகாதபடி தூரத்தில் பிடியுங்கள்.

வீடில்லாதவருக்கு வாத்தியம் எதற்கு?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1983இல் எரிந்த லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் கேட்டது நிலமும் பாதுகாப்பும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் கேட்டது வீடு. அவர்களில் பல குடும்பங்கள் நெடுங்காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கி வீட்டுக்காகக் காத்திருந்தன. அப்படிக் காத்திருப்பவரிடம், "பாட்டுப் பாடிக் கவலையை மறவுங்கள்" என்று சொல்வது கொடுமை. காணி உறுதிக்கும் வீட்டுக்கும் ஈடாக எந்தக் கலையையும் யாராவது கொடுக்க வந்தால் வாங்காதீர்கள். மனுக் கொடுக்கும் நாளில் வாத்தியத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மனுக் கொடுக்கப் போங்கள்.

ஆனால் காத்திருப்பதும் வாழ்க்கைதான். தோட்டத்தை இழந்த விவசாயிக்கு மாலை நீளமாகிறது. லீக்ஸ் பாத்திக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓடிய கைகள் சும்மா கிடக்கின்றன. சும்மா கிடக்கும் கையைத் தேடிச் சாராயப் போத்தல் தானாக வருகிறது. முதியவர்கள் தம்மால் ஒரு பயனும் இல்லை என்று மூலையில் ஒதுங்குகிறார்கள். இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போக நாள் பார்க்கிறார்கள். அங்கே ஒரு முதியவர் தோலை இழுத்துக் காட்ட, ஒரு தாய் புளியங்கொட்டை அரைக்க, ஒரு பையன் மூங்கிலில் துளையிட, அந்த மாலை வேறு மாலையாகிவிடும்.

இதை விற்றுப் பிழைக்கலாம் என்று ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. பயணிகள் சிலர் வாங்கக்கூடும். ஆனால் கோட்டை வாசலில் நிற்கும் போபாவை நினைத்துக்கொள்ளுங்கள். தன் ஊர்க்கதையைத் தன் மக்களுக்குப் பாடியவரையில் அவருக்கு அது மதிப்பான தொழில். கேட்பவருக்குக் கதை புரியாத இடத்தில் அது சில்லறைக்கான சத்தமாகிவிட்டது. ஆகவே முதலில் எமக்காகச் செய்வோம். நாம் எங்கிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் இருந்தோம், எப்படி வெளியேறினோம், யாரை வழியில் இழந்தோம் என்பதைப் பாட எமக்கு ஒரு துணைக் குரல் வேண்டும். அந்தப் பாட்டை வேறு யாரும் எமக்காகப் பாட மாட்டார்கள்.

குழுவாகக் கலந்துரையாடச் சில கேள்விகள்

1. எமது குடியிருப்பில் தப்புக் கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? அவர்களிடம் கடைசியாக யார், எப்போது கற்றார்?

2. தோல் வேலையை நம்மில் யார் தாழ்வாக எண்ணுகிறோம்? அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்படிப்பவருக்கு எங்கே இடம் கொடுக்கிறோம்?

3. இடம்பெயர்ந்தபோது நாம் கொண்டு வந்த கைவேலைகள் எவை? மறந்து போனவை எவை?

4. நாம் விட்டு வந்த தோட்டத்தையும் ஊரையும் பற்றி எம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றாவது உண்டா? இல்லையென்றால், அதைக் கட்டத் தொடங்கக்கூடியவர் எமக்குள் யார்?